நூற்றுப் பதினெட்டாம் இலக்கம்

என் கணவர் சிற்றம்பலம் தலைக்கு மேலே விளக்குமாறு கட்டிக்கொண்டு வான் வண்டி ஓட்டுகிறவர். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். ஜெர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சனில் கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, ஹம் ஊர்க் கோயில் தேர் என்று எங்கே போனாலும் "விளக்குமாத்து அண்ணை வாறார்" என்று ஒரு குரலாவது கேட்கும். அவருக்கு அதில் கோபமே வராது. எங்கள் வீட்டில் கோபப்படுகிற வேலை முழுவதும் என்னுடைய பொறுப்பில் இருக்கிறது.

மே மாதத்தில் நடக்கிற ஒரு சைக்கிள் ஓட்டம்தான் இதற்கெல்லாம் காரணம். ஐந்து ஆற்றுச் சுற்று என்று பெயர். ரைன், ரூர், லிப்ப, எம்ஷர், லென்ன என்று ஐந்து ஆறுகளையும் கடந்து, ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். இதையே தொழிலாகக் கொண்ட வீரர்கள் பல நாடுகளிலிருந்தும் வருவார்கள். 1956இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் சைக்கிள் சங்கம் ஒன்று இதைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு சுரங்க வாசலில்தான் முடியுமாம். முதல் வந்தவனுக்குப் பரிசு ஒரு தொன் நிலக்கரி. அதை அவன் எப்படிச் சைக்கிளில் கொண்டுபோனான் என்று நான் கேட்டால் இவர் பதில் சொல்ல மாட்டார். பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, கார் விற்கிறவர்களும் பியர் காய்ச்சுகிறவர்களும் ஆதரவு கொடுத்தார்கள். பிறகு வீரர்கள் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் என்று எங்கும் நாறி, கொடுத்தவர்கள் கையை உதறிவிட்டுப் போக, 2008ஓடு ஓட்டமே நின்றது. ஒன்பது வருடம் கழித்து மறுபடி தொடங்கினார்கள். ஏழு நாள் ஓட்டம் ஐந்து நாளாகச் சுருங்கியது. கொரோனாவில் இரண்டு வருடம் தவறியது. இந்த வரலாறு முழுவதையும் நான் விரும்பிப் படிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து எனக்குப் பரிமாறப்பட்டது.

ஓட்டத்தில் கடைசியாக வருகிறவனுக்குப் பின்னால் ஒரு வான் மெதுவாக வரும். இனி ஏலாது என்று சைக்கிளை விட்டு இறங்குகிறவனை அது ஏற்றிக்கொள்ளும். வீதியைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி என்பதால் கூரையில் ஒரு விளக்குமாறு கட்டியிருப்பார்கள். இவர் வேலை செய்த பேக்கரி அந்த வானைக் கொடுத்தது, வானோடு சாரதியையும் கொடுத்தது. அப்படித்தான் 2003இல் இவர் அங்கே போய்ச் சேர்ந்தார். முதல் நாளே அவர்கள் கட்டிவிட்ட பிளாஸ்டிக் விளக்குமாறு காற்றில் பறந்துபோக, இவர் தமிழ்க்கடையில் ஈர்க்கு விளக்குமாறு ஒன்று வாங்கிக் கட்டினார். அது இன்றுவரை பறக்கவில்லை.

வானில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வீரனின் முதுகில் நான்கு ஊக்குகளால் குத்திய இலக்கத் துணி இருக்கும். ஏறுகிறவன் "எனக்கு முடிந்தது" என்று வாயால் சொல்ல வேண்டும். வானில் கூட வருகிற நடுவர் அதை எழுதிக்கொள்வார். அதன் பிறகு சாரதி அந்த நான்கு ஊக்குகளையும் கழற்றி இலக்கத்தை எடுப்பார். இலக்கம் முதுகை விட்டு இறங்கினால் ஆள் ஓட்டத்தில் இல்லை. திரும்பக் குத்த முடியாது. இவர் அதைக் கழற்றுகிற விதத்தை நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நித்திரையான குழந்தையின் காதிலிருந்து தோடு கழற்றுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு கம்பளி, ஃபிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட தேத்தண்ணீர். ஏறியவன் அழத் தொடங்கினால் இவர் வானுக்குள் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பிவிடுவார். அழுகிறவனைப் பார்க்கக் கூடாதாம்.

இந்த வருடம் அறுபதாவது ஓட்டம். மார்ச் மாதம் சங்கத்திலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்தது. ஓட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். வென்றவர்களின் பக்கங்களை யார் யாரோ சரிபார்க்கிறார்கள். வானில் ஏறியவர்களின் பக்கங்கள் மட்டும் இவருக்கு வந்திருந்தன. எல்லாம் சரி என்று கையெழுத்து வைத்து ஏப்ரல் பதினைந்துக்குள் அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஓட்டம் எங்கள் ஊரிலேயே முடிவதால், மேடையில் இவருக்கு ஒரு பதக்கமும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். பதின்மூன்று ஓட்டங்களில் ஒரு பிழையும் விடாத சாரதி என்று புத்தகத்தில் இவரைப் பற்றி ஒரு வரியும் வருகிறதாம். நான் அன்றைக்கே எந்தச் சேலை உடுப்பது என்று யோசித்துவிட்டேன்.

இவர் கையெழுத்து வைக்கவில்லை. உறை மேசையிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் மேலே போனது. அங்கிருந்து சாமிப் படத்துக்குப் பின்னால் போனது. "முருகன் கையெழுத்து வைச்சுத் தருவார் எண்டு பாக்கிறியளோ?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. தட்டில் போட்ட புட்டில் பாதி அப்படியே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. நான் ஒரு முதியோர் இல்லத்தில், எங்கள் ஆட்கள் ஆல்டன்ஹைம் என்று சொல்கிற இடத்தில், மூன்றாம் மாடியில் வேலை செய்கிறேன். பென்சன் எடுத்த நாளிலிருந்து இவர் என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒவ்வொரு பின்னேரமும் மேலே வருவார். அங்கிருக்கிற கிழவிகளுக்கெல்லாம் இவரை நன்றாகத் தெரியும், என்னைவிட இவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். அந்த மனிதர் ஜனவரியிலிருந்து மேலே வருவதை விட்டுவிட்டார். குளிரில் ட்ராம் தரிப்பிடத்தில் நின்றார். முழங்கால் நோகிறதாம். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் முழங்காலுக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து யோசிக்கிற புத்தி மெதுவாகத்தான் வரும்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு நாள் கறிக்கு லீக்ஸ் வெட்டி அடுப்பில் வைத்தவள், கையைத் துடைத்துவிட்டு நானே அந்த உறையை எடுத்துப் பிரித்தேன். ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. 2004, ஐந்தாம் நாள். இலக்கம் 118. டிர்க் நோவாக், கெல்சென்கிர்ச்சன். தானாக விலகினார்.

நோவாக் என்ற பெயரை நான் ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்கிறேன். மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் அறை. எண்பத்தெட்டு வயது. முப்பத்துநான்கு வருடம் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர், இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஜனவரியில்தான் எங்களிடம் வந்தார், வந்த அன்றே வீட்டில் அவர் பெயரைச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் இல்லையா என்று வந்த புதிதில் கேட்டேன். "ஒருவன் இருக்கிறான், வானில் ஏறினவன்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். டிர்க்குக்கு ஒன்பது வயதிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் இலக்கத்தை அவன் முதுகில் குத்திவிட்டது அப்பாதான். குத்தி முடித்ததும் முதுகில் ஒரு தட்டு தட்டி "போ" என்பாராம். அவன் ஐந்து ஆற்றுச் சுற்றில் ஓடிய வருடம் கடைசி நாள் ஓட்டம் அவர்கள் வீட்டுத் தெருவாலேயே போனது. கட்டில் விரிப்பில் அவன் பெயரை எழுதித் தெரு முழுக்கக் குறுக்கே கட்டியிருந்தார்கள். சுரங்கத்து பாண்ட் வாத்தியக்காரர் வந்து நின்றார்கள். அவன் வரவில்லை. இரண்டு நாள் முந்தி வானில் ஏறிவிட்டான். இப்போது டிசம்பரில் நத்தாருக்கு மூன்று நிமிடம் தொலைபேசியில் பேசுவான், அவ்வளவுதான். அது எந்த வருடம், வானை யார் ஓட்டினது என்று நான் கேட்கவில்லை.

நான் தாளைக் கொண்டுபோய் இவருக்கு முன்னால் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இது எங்கடை நோவாக்கின்ரை மகனோ?"

இவர் எழுந்து அறைக்குள் போனார். பிஸ்கட் டின் ஒன்றோடு திரும்பி வந்தார். அதற்குள் பழைய தாள்களுக்கு அடியில் மடித்து வைத்த துணி ஒன்று இருந்தது. 118. மூலைகளில் துருப் பிடித்த ஓட்டைகள்.

"அண்டைக்கு ஐஸ் மழை, யோகம்" என்று என் பெயரைச் சொல்லித் தொடங்கினார். "லென்னப் பக்கத்து மலை. பெடியன் கடைசியா வந்தவன். இருபத்திமூண்டு வயசு. மேலை ஏறி முடிச்சுப்போட்டு நிண்டவன். இனி இறக்கம்தான். ஆனா கை விறைச்சு பிரேக் பிடிக்க ஏலாமல் இருந்தது. வானுக்குக் கிட்ட வந்து, ரெண்டு நிமிஷம் இருக்கிறன், விரல் வேலை செய்யுமட்டும் எண்டு சொன்னவன். எனக்கு வடிவா விளங்கினது."

"நடுவர் எங்கை?"

"அவர் பத்தைக்குப் பின்னாலை போனவர். ஒண்டுக்கு."

"பிறகு?"

"பெடியனை இருத்தி, கம்பளியாலை போத்து, தேத்தண்ணி குடுத்தனான். குடிச்சுப்போட்டுச் சாய்ஞ்சு கண்ணை மூடினவன். முதுகிலை ஒரு ஊக்கு கழண்டு குத்திக்கொண்டு நிண்டது. சட்டையிலை பொட்டு ரத்தம். ஐயோ குத்துதே எண்டு அதைக் கழட்டினன். துணி நனைஞ்சு ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. மற்ற மூண்டையும் கழட்டி நேராக் குத்திவிடுவம் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் யோகம், வேறை ஒண்டும் நினைக்கேல்லை. இலக்கம் என்ரை கையிலை இருக்கேக்கை நடுவர் வந்திட்டார்."

"வந்து?"

"கையைப் பாத்தார். ஒண்டும் கேக்கேல்லை. எழுதினார். ரேடியோவிலை சொன்னார்."

"உங்களுக்கு வாய் இல்லையோ? இப்பிடித்தான் நடந்தது எண்டு சொல்லுறதுக்கென்ன?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதிப்போட்டார், யோகம்" என்றார்.

அந்த ஒரு வரிக்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் மேசைகளுக்கு முன்னால் இருந்தவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுதுவார், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் விசாரணையில் என் பிறந்த வருடத்தை ஒன்று குறைத்து எழுதினார்கள். நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன். இது பிழை என்று சொன்னால், அப்படியானால் வேறு எதெல்லாம் பிழை என்று கேட்டு அன்ட்ராக்கை, எங்கள் அகதி விண்ணப்பத்தை, தூக்கி எறிந்துவிடுவார்களோ என்ற பயம். இன்றுவரை இந்த நாட்டில் எனக்கு ஒரு வயது கூடுதல். பென்சன் ஒரு வருடம் முந்தி வரும் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆகவே எழுதிய கைக்கு முன்னால் இவருடைய நாக்கு ஏன் எழும்பவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசித் தீர்த்தேன்.

"இருபத்தொரு வருஷம்! எனக்குக்கூடச் சொல்லேல்லை. பக்கத்திலை படுத்த எனக்கு!"

"வெக்கமா இருந்தது."

"பெடியன் என்ன செய்தவன்?"

"கொஞ்ச நேரத்தாலை கண்ணைத் திறந்து, கை சூடாகிட்டுது, போறன் எண்டு எழும்பினவன். நடுவர் இலக்கத்தைக் காட்டினார். அவன் சத்தம் போட்டான், தான் விலகேல்லை எண்டு. நடுவர் தலையாட்டினார், எழுதியாச்சு எண்டு. பிறகு அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவன்." இவர் துணியை மடித்தார். "நான் கண்ணாடியை மேலை திருப்பிப்போட்டு வானை எடுத்திட்டன்."

லீக்ஸ் அடுப்பில் கருகிப்போயிருந்தது. அதைத்தான் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

அடுத்த நாளே வந்து நோவாக்கிடம் சொல்லும்படி கேட்டேன். ஓட்டம் முடியட்டும் என்றார். பதக்கத்துக்காகவா என்று குத்தினேன். "அதைக் குப்பையிலை போடும். அந்த மனுசன் என்னைப் பாப்பாரே, அதுக்கு என்ன செய்யிறது?" என்றார்.

"நோவாக்கின்ரை நெஞ்சிலை தண்ணி கட்டியிருக்கு. டொக்டர் வாரத்துக்கு ரெண்டு தரம் வாறார். நீங்கள் ஆறுதலா வாங்கோ. அவர் உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு இருப்பார்."

சனிக்கிழமை வந்தார். குடியுரிமை எடுத்த நாளில் போட்ட நீலக் கோட் போட்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் 118. சொல்ல வேண்டியதை ஜெர்மனில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார், ஏதோ அரசாங்கக் கந்தோருக்குக் கொடுக்கிற விண்ணப்பம் போல. நோவாக் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இவர் நின்றபடி வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியோடு தாளை இறக்கினார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, தன் உடைந்த ஜெர்மனில் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லி முடித்தார். பத்தைக்குப் பின்னால் நடுவர் போனதைக்கூட விடவில்லை.

நோவாக் கையை நீட்டினார். இலக்கத்தை வாங்கி, மூன்று விரலால் அந்த ஓட்டைகளைத் தடவினார். வெளியே ட்ராம் ஒன்று போனது, பிறகு இன்னொன்று போனது.

"அந்தத் தேநீரில் இஞ்சி இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது" என்றார் இவர்.

நோவாக் கண்ணை மூடினார். "டிர்க் அன்று இரவே என்னிடம் சொன்னான். வான், கம்பளி, ஊக்கு, எல்லாம் சொன்னான். இஞ்சித் தேநீர் என்றும் சொன்னான். பேக்கரி வானில் இஞ்சித் தேநீர் ஏது, கதை சோடிக்கிறாய் என்று சொன்னேன். விட்டுவிட்டு வந்தவன் சாரதி மேல் பழி போடாதே என்று சொன்னேன். அவன் அம்மா முன்னால் சொன்னேன்." மூச்சு வாங்கியது. ஒட்சிசன் குழாயை நான் சரிசெய்தேன். "அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. நன்றாக இருக்கிறேன் என்பான். வேலை நன்றாகப் போகிறது என்பான். வேறொன்றும் சொல்ல மாட்டான்."

இவர் மன்னிப்புக் கேட்டார். நோவாக் கையை உயர்த்தி நிறுத்தினார். "நீங்கள் போகலாம். இதை வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.

லிஃப்டுக்குள் இவர் அழுதார். முப்பத்தெட்டு வருடத்தில் இரண்டாம் தரம் பார்க்கிறேன். எனக்கு இவர் மேலும் கோபம், மேலே இருக்கிற கிழவர் மேலும் கோபம், ஒரு தரம் சொல்லி நம்பாவிட்டால் இரண்டாம் தரம் சொல்லாத அந்த மகன் மேலும் கோபம். மூன்று ஆம்பிளைகளும் சேர்ந்து இருபத்தொரு வருடத்தை ஒரு ஊக்கில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து உறை இறங்கியது. இவர் பேனாவை எடுத்து "தானாக விலகினார்" என்ற இரண்டு சொல்லையும் குறுக்கே வெட்டினார். கீழே நடந்ததை ஐந்து வரியில் எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார். அச்சடித்து வந்த ஒரு தாளில் இந்த மனிதர் எதையாவது வெட்டி நான் பார்த்ததில்லை. வெட்டிய பிறகு பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் தலைவர் தொலைபேசியில் வந்தார். நல்ல மனிதர். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு பெறுபேற்றை மாற்ற விதி இடம் கொடுக்காது, ஆனால் கடிதத்தை அப்படியே புத்தகத்தில் போடலாம் என்றார். அப்படிப் போட்டால் ஒரு பிழையும் விடாத சாரதி என்ற வரி நிற்காதே என்று தயங்கினார். "அதை எடுத்துவிடுங்கள்" என்றார் இவர்.

நோவாக் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு கொண்டுபோனால் சாப்பிட்டார், மருந்து கொடுத்தால் விழுங்கினார். இலக்கத் துணி தலையணைக்குக் கீழே இருந்தது. ஐந்தாம் நாள், மின்ஸ்டர் நகரத்தில் இருக்கிற மகனுக்கு ஒரு அழைப்பு எடுத்துத் தரச் சொன்னார். நத்தார் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். மணி அடித்தது, எடுத்தான்.

"டிர்க்" என்றார் கிழவர். "அந்தச் சாரதி வந்தார்."

மூச்சு மட்டும் கேட்டது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கடைசியில் நானே தொலைபேசியை வாங்கினேன். பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள் ஓட்டம் எங்கள் இல்லத்துக்கு முன்னால் போகிறது, அப்பா உங்களை வரச் சொல்கிறார் என்றேன். வரச் சொன்னார் என்பது என் சொந்தச் சேர்க்கை. கிழவர் என்னை முறைத்தார், ஆனால் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மே மாதத்துக்கு அடாத குளிர். இல்லத்து ஆட்களையெல்லாம் கம்பளி போர்த்தி வீதியோரம் வரிசையாக இருத்தினோம். முடிவுக் கோடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். டிர்க் பதினொரு மணிக்கு வந்தான். சைக்கிளில் வந்தான். மின்ஸ்டரில் வீடுகளுக்கு வெப்பமூட்டி பொருத்துகிறவன், நாற்பத்துநான்கு வயது, தலையில் மயிர் குறைவு, வயிறு கொஞ்சம் கூடுதல். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நடைபாதையில் குந்தினான். இரண்டு பேரும் வீதியைப் பார்த்தார்கள்.

"சங்கிலிக்கு எண்ணெய் போடவில்லை நீ" என்றார் கிழவர்.

"போட்டேன்."

"சத்தம் கேட்டது."

இருபத்தொரு வருடப் பேச்சை இப்படித் தொடங்குகிறார்களே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் கிழவர், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இஞ்சி இருந்ததாம்" என்றார். டிர்க் தலையைக் குனிந்தான். கிழவரின் அந்த மூன்று விரல் கை போய் அவன் கழுத்தின் பின்னால் இருந்தது. அங்கேயே இருந்தது.

ஓட்டக்காரர் கூட்டம் கடந்தது. பத்து விநாடி, ஒரு காற்று, அவ்வளவுதான். பிறகு இரண்டு பேர், பிறகு ஒருவர். கடைசியாக ஒரு மெலிந்த பெடியன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் எங்கள் வான், மேலே ஈர்க்கு விளக்குமாறு. கடைசி வீரன் ஓடுகிற வரைக்கும் வான் எங்கேயும் நிற்கக் கூடாது. இவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை, ஒரு கையை மட்டும் உயர்த்தினார். ஆனால் உள்ளே இருக்கிற கண்ணாடியை இவர் கீழ்நோக்கித் திருப்புவதை நான் பார்த்தேன்.

வான் போனதும் கிழவர் மடியில் இருந்த துணியை எடுத்தார். "திரும்பு" என்றார்.

டிர்க் நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் நின்று முதுகைக் காட்டினான். பழைய ஊக்குகள் துருப் பிடித்துவிட்டன என்று நான் நான்கு புதிது வாங்கி வைத்திருந்தேன். முதல் ஊக்கை நோவாக்கால் திறக்கவே முடியவில்லை. இடது கையில் மூன்று விரல், வலது கையும் எண்பத்தெட்டு வயதுக் கை. நான் குனிந்து உதவப் போனேன். என் கையில் அடி விழுந்தது. ஒன்று குத்தினார், அது சரிந்தது, கழற்றித் திரும்பக் குத்தினார். டிர்க் அசையவில்லை. ஒருமுறை ஊக்கு முதுகில் பட்டிருக்க வேண்டும், தோள் மட்டும் துடித்தது, சத்தம் வரவில்லை. வீதியைத் திறந்துவிட்டார்கள், கார்கள் வரத் தொடங்கின, பக்கத்தில் இருந்த கிழவிகளையெல்லாம் உள்ளே கொண்டுபோனார்கள். நான்காவது ஊக்கு பூட்டியது. நோவாக் அந்த முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"போ" என்றார்.

நூற்றுப் பதினெட்டாம் இலக்கம் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் போனது. முச்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றது. பச்சை விழுந்ததும் எழும்பி மிதித்து வளைவில் மறைந்தது. கிழவர் உள்ளே வர மாட்டேன் என்றார். கெஞ்சி மேலே கொண்டுபோய் ஜன்னலோரம் விட்டேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

கால் மணி நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. பின்னால் ஒலிபெருக்கியின் இரைச்சல்.

"யோகம், மேடையிலை என்ரை பேரைக் கூப்பிடுகினம்" என்றார் இவர்.

"பிறகேன் நிக்கிறியள்? போங்கோவன்!"

"நான் முடிவுக் கோட்டிலை நிக்கிறன். மேலை கட்டின வளைவைக் கழட்டப் போறம் எண்டு வந்தவங்கள். இன்னும் ஒராள் வர வேணும் எண்டு மறிச்சு வைச்சிருக்கிறன். கண்ணாடியிலை பாத்தனான், கிழவர் துணியை எடுக்கிறதை." ஒலிபெருக்கி இரண்டாம் தரமும் சிற்றம்பலம் என்று தன் பாணியில் கடித்துக் கூப்பிட்டது. இவர் அசைந்ததாகத் தெரியவில்லை. திடீரென்று மூச்சை இழுத்தார். "வந்திட்டான். யோகம், வந்திட்டான்! கோட்டைத் தாண்டிட்டான்!"

நான் ஜெர்மனில் சொன்னேன். நோவாக்கின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அவன் கைகள்?" என்று கேட்டார். "குளிராகவா இருக்கின்றன?"

தொலைபேசியில் கேட்டேன்.

"தேத்தண்ணி குடுத்திட்டன். ரெண்டு கையாலையும் கோப்பையைப் பிடிச்சுக் குடிக்கிறான்" என்றார் இவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இலக்கத்திலை நான் கை வைக்கேல்லை எண்டு அவருக்குச் சொல்லும்."

சொன்னேன், ஒரு சொல் விடாமல் சொன்னேன். நோவாக் தலையை ஆட்டினார். என் கையை, சற்று முன் தான் அடித்த அதே கையை, எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குளிர் ஏறுகிறது, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவன் இந்த வழியால்தான் திரும்பி வருவான் என்றார்.